ஜப்பானிய மிட்டாய்கள்: வண்ண உறைக்குள் இருப்பது என்ன?

ஜப்பானிய மிட்டாய்கள் இன்று நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. டோரேமான் கார்ட்டூனில் அந்த நீலப் பூனை ஆசை ஆசையாய்ச் சாப்பிடும் டோராயாகியை அவர்கள் அறிவார்கள். பொடியில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் நிறம் மாறும் மிட்டாயை வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள நம் குடும்பங்களுக்கு ஜப்பானியக் கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னையிலும் பெரிய கடைகளின் அலமாரிகளுக்கு அவை வந்துவிட்டன. போதாக்குறைக்கு, படிக்கவோ வேலைக்கோ ஜப்பான் போன மச்சானோ சாச்சாவோ ஊர் வரும்போது பெட்டி நிறையக் கொண்டுவருகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: "உம்மா, இதைச் சாப்பிடலாமா?"

இதற்கு நம் வீடுகளில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "வெளிநாட்டு மிட்டாய், எல்லாம் சந்தேகம்தான், தூரப் போடு." மற்றொன்று, "மிட்டாயில் என்ன இருந்துவிடப் போகிறது, சாப்பிடு." இரண்டுமே விசாரிக்காமல் சொல்லும் பதில்கள். முதலாவது, ஆகுமான ஒன்றைக் காரணமின்றிப் பிள்ளைகளுக்குத் தடுத்துவிடலாம். இரண்டாவது, ஆகாத ஒன்றை நம் கையாலேயே ஊட்டிவிடலாம். எனவே இந்த இனிப்புகள் எங்கிருந்து வந்தன, எதனால் செய்யப்படுகின்றன, சந்தேகம் சரியாக எந்த இடத்தில் எழுகிறது என்பதை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

சர்க்கரை வந்த வழி

1543இல் போர்ச்சுகீசியர் ஜப்பானின் தானேகாஷிமா தீவில் கரையிறங்கினார்கள். துப்பாக்கியோடு அவர்கள் கொண்டுவந்த மற்றொன்று சர்க்கரை இனிப்பு. 1569இல் லூயிஸ் ஃப்ரோய்ஸ் என்ற பாதிரியார், அன்றைய வலிமைமிக்க தளபதி ஓடா நொபுநாகாவுக்குக் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரை மிட்டாய் நிரப்பிப் பரிசளித்தார். போர்ச்சுகீசிய மொழியில் அதன் பெயர் 'கொன்ஃபெய்த்தோ'. ஜப்பானியர் நாவில் அது 'கொன்பெய்த்தோ' ஆனது.

நம் ஊர் சீரக மிட்டாயைத் தெரிந்தவர்களுக்குக் கொன்பெய்த்தோ புரிந்துவிடும். நடுவில் ஒரு சிறு மணி. அதைச் சூடான பெரிய சாய்வுச் சட்டியில் போட்டு உருட்டியபடியே சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். பழைய முறையில் ஒரு சட்டி மிட்டாய் முடிய 2 வாரங்கள் வரை ஆகும். அப்படி வளரும்போது மேலே நட்சத்திரம் போல முட்கள் தாமாகவே முளைக்கின்றன. கியோத்தோ நகரில் 1847 முதல் இதையே தொழிலாகச் செய்துவரும் குடும்பக் கடை ஒன்று இன்றும் இருக்கிறது.

போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற இன்னொன்று 'கஸ்தெரா' எனும் கேக். முட்டை, சர்க்கரை, கோதுமை மாவு, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பாகு ஆகியவையே அடிப்படை. பழைய முறையில் வெண்ணெயும் பாலும் கிடையாது. நாகசாகி துறைமுக நகரம் இன்றும் இதற்குப் பெயர் பெற்றது.

1639இல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் தடைசெய்யப்பட்ட பிறகும், டச்சு மற்றும் சீனக் கப்பல்கள் வழியே நாகசாகிக்குச் சர்க்கரை வந்தது. அங்கிருந்து வடக்கே சென்ற நெடுஞ்சாலைதான் 'சர்க்கரைச் சாலை' என்று இப்போது அழைக்கப்படுகிறது. 2020இல் ஜப்பான் அரசு அதை நாட்டின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தச் சாலை கடந்து செல்லும் சாகா மாகாணத்தில்தான் பிற்காலத்தின் இரண்டு பெரிய மிட்டாய் நிறுவனங்களின் நிறுவனர்கள் பிறந்தார்கள். அவர்களைப் பிறகு சந்திப்போம்.

பயறும் அரிசியும் கடல்பாசியும்

மேற்கிலிருந்து வந்த இனிப்புகளுக்கு முன்பும் ஜப்பானில் இனிப்பு உண்டு. பாரம்பரிய இனிப்புகளை 'வாகாஷி' என்கிறார்கள். இவற்றின் உயிர்நாடி அசுகி எனும் சிவப்புப் பயறு. அதை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணமே 'ஆன்கோ'. பயறில் இனிப்பா என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சுழியத்துக்குள்ளும் கொழுக்கட்டைக்குள்ளும் நாம் வைப்பதும் பருப்புப் பூரணம்தானே.

பசையரிசியை அவித்து இடித்த மாவு 'மோச்சி'. அதற்குள் பூரணம் வைத்தால் 'தாய்ஃபுக்கு'. இரண்டு மென்மையான தோசைத் துண்டுகளுக்கு நடுவில் பூரணம் வைத்தால் அதுவே டோரேமானின் டோராயாகி. பூரணத்தைக் கடல்பாசியோடு காய்ச்சிக் கட்டியாக உறையவைத்து வெட்டினால் 'யோகன்'.

யோகன் என்ற பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு 'ஆட்டிறைச்சிச் சாறு' என்று பொருள். சீனாவில் அது உண்மையிலேயே இறைச்சிச் சாறாகத்தான் இருந்தது. அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்த புத்தத் துறவிகள் இறைச்சி உண்ணாதவர்கள் என்பதால் பயறை வைத்துச் செய்தார்கள். பெயர் அப்படியே நின்றது, உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது. மொழிபெயர்ப்புச் செயலியில் 'ஆட்டிறைச்சி' என்று வந்தால் யாரும் பதற வேண்டாம்.

பல நூற்றாண்டுகளாக இறைச்சியும் பாலும் அரிதாகவே புழங்கிய நாடு என்பதால், பாரம்பரிய வாகாஷியில் விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ இருந்ததில்லை. உறையவைக்கும் வேலையைக் கடல்பாசி செய்தது. ஜப்பானில் அதன் பெயர் 'கான்தென்'. 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோ அருகே ஃபுஷிமியில் ஒரு விடுதிக்காரர், மீந்துபோன கடல்பாசிக் கூழைப் பனிக்காலத்தில் வெளியே கொட்டிவிட்டாராம். அது இரவில் உறைந்து, பகலில் உருகிக் காய்ந்து, லேசான வெண்சருகாக மாறியிருக்கிறது. அதை மீண்டும் காய்ச்சியபோது முன்பைவிடத் தெளிவாக உறைந்தது. கான்தென் பிறந்த கதையாக இதைத்தான் சொல்கிறார்கள்.

நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் இஃப்தாருக்குக் காய்ச்சுகிறோமே, பாலும் சீனியும் சேர்த்துத் தட்டில் உறையவைத்து வெட்டும் கடல்பாசி, அதுவும் இதே பொருள்தான். ராமநாதபுரம் கரையோரத்தில் மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் இத்தகைய கடல்பாசி தயாரிக்கவே போகிறது. எனவே ஜப்பானிய இனிப்பில் 'கான்தென்' என்று கண்டால், அது நமக்கு நன்கு அறிமுகமான பொருள்.

ஆனால் வாகாஷி என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் முடியாது. ஜப்பானியச் சமையலில் 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மது சாதாரணமாகப் புழங்குகிறது. அதில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. டோராயாகி, கஸ்தெரா மாவில் மிருதுத்தன்மைக்காக மிரின் சேர்ப்பவர்கள் பலர். ஆகவே பொருட்பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேரமலிலிருந்து சாக்லேட் வரை

சர்க்கரைச் சாலையில் பிறந்தவர்களுக்கு வருவோம். சாகா மாகாணம் இமாரி ஊரைச் சேர்ந்த மோரினாகா தாய்ச்சிரோ, அமெரிக்காவில் மிட்டாய்த் தொழில் கற்றுத் திரும்பி 1899இல் டோக்கியோவில் சிறு பட்டறை தொடங்கினார். 1914இல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சிறு பெட்டியில் அவர் நிறுவனம் விற்ற பால் கேரமல், ஜப்பானில் மேற்கத்திய மிட்டாயை எல்லோர் கைக்கும் கொண்டுசேர்த்தது.

அதே சாகாவைச் சேர்ந்த எசாக்கி ரீச்சி வேறு வழியில் வந்தவர். மீனவர்கள் கடற்சிப்பியை வேகவைத்து வீணாகக் கொட்டிய நீரில் கிளைக்கோஜன் என்ற சத்து இருப்பதை அறிந்து, அதைக் கேரமலில் சேர்த்தார். 1922 பிப்ரவரி 11 அன்று ஒசாக்காவில் அது விற்பனைக்கு வந்தது. கிளைக்கோஜன் என்ற சொல்லிலிருந்தே 'கிலிக்கோ' என்ற பெயர். ஒரு துண்டு சாப்பிட்டால் 300 மீட்டர் ஓடலாம் என்பது விளம்பரம். கைகளை உயர்த்தி ஓடி வரும் அந்த வீரரின் படம் ஒசாக்காவில் இன்றும் பெரிய விளக்குப் பலகையாக மின்னுகிறது.

இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும் என்பது பிரபலமான கருத்து. ஒரே தெருவில் இரண்டு மத்ஹபினரும் வாழும் நம் ஊர்களில், சிப்பிச்சாறு சேர்ந்த மிட்டாய்க்கு இரண்டு வீட்டில் இரண்டு பதில் வரலாம். அதைச் சண்டையாக்க வேண்டியதில்லை.

கிலிக்கோ நிறுவனம் 1966இல் கொண்டுவந்ததுதான் 'போக்கி'. மெல்லிய பிஸ்கட் குச்சி, கைபிடிக்கும் இடம் மட்டும் விட்டு மீதியில் சாக்லேட் பூச்சு. குச்சி ஒடியும்போது வரும் 'போக்கின்' என்ற ஓசையே பெயருக்குக் காரணம். ஐரோப்பாவில் இதன் பெயர் மிக்காடோ. மலேசியாவில் நெடுங்காலம் ராக்கி என்றே விற்றது. 1975இல் வந்த 'கினோகோ நோ யாமா' காளான் வடிவம், 1979இல் வந்த 'தாக்கெனோகோ நோ சாத்தோ' மூங்கில் குருத்து வடிவம். இரண்டும் மெய்ஜி நிறுவனத்தின் சாக்லேட் பிஸ்கட்டுகள். எது சுவை என்று ஜப்பானில் இன்றும் குடும்பத்துக்குள் வழக்காடுகிறார்கள்.

கிட்கேட் பிறந்தது இங்கிலாந்தில். ஆனால் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது ஜப்பான். 1973இல் அங்கு அறிமுகமானது. 'கித்தோ காத்ஸு' என்றால் ஜப்பானிய மொழியில் 'நிச்சயம் வெல்வாய்' என்று பொருள் தொனிப்பதால், தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைப் பரிசளிக்கும் வழக்கம் வந்தது. மாச்சா எனும் பச்சைத் தேயிலைச் சுவை உட்பட இதுவரை 300க்கும் மேற்பட்ட சுவைகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்று 2016இல் வந்த சாகே சுவை. பெயருக்கு மட்டும் அல்ல, உண்மையிலேயே ஜப்பானிய அரிசி மதுவைப் பொடியாக்கிச் சேர்த்தது. உறை மட்டும் மற்ற சுவைகளைப் போலவே அழகாக இருந்தது. 'கிட்கேட் தானே' என்று எடுத்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

பத்து யென் கடையும் பசை மிட்டாயும்

பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கும் மலிவு மிட்டாய்களுக்கு ஜப்பானில் 'தாகாஷி' என்று பெயர். நம் பெட்டிக்கடை மிட்டாய் போல. 1979இல் வந்த 'உமாய்போ' எனும் சோளக் குச்சி 40 ஆண்டுகளுக்கும் மேலாக 10 யென்னிலேயே நின்றது. 2022 ஏப்ரலில் 12 யென் ஆனபோது அது நாடறிந்த செய்தியானது. இத்தகைய காரச் சிற்றுண்டிகளில் கவனிக்க வேண்டியது சுவைப்பொடி. சோளம் தாவரம்தான். ஆனால் மேலே தூவும் பொடியில் கோழி, மாடு, பன்றி ஆகியவற்றின் சாறு சேர்வது அங்கு சாதாரணம்.

1986இல் வந்த 'நெருநெருநெருனே' என்ற மிட்டாய்தான் வீடியோக்களில் நிறம் மாறுவது. பொடியில் தண்ணீர் சேர்த்ததும் ஒரு நிறம், அடுத்த பொடியைப் போட்டதும் வேறு நிறம், பிறகு நுரைத்துப் பொங்கும். சிவப்பு முட்டைக்கோஸ் போன்ற தாவரங்களின் நிறமி, அமிலம் பட்டால் சிவக்கும். சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தால் நுரைக்கும். மாயம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூட வேதியியல்தான். பிள்ளைகளோடு உட்கார்ந்து விளக்கலாம்.

அடுத்து வருபவை மெல்லும் மிட்டாய்கள். 1975இல் வந்த ஹை-ச்சூவும், பழச்சுவை கம்மிகளும் உலகெங்கும் விற்கின்றன. நம் விஷயத்தில் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டிய வகையும் இதுவே. காரணம் ஜெலட்டின்.

சந்தேகம் எழும் ஐந்து இடங்கள்

முதலாவது, ஜெலட்டின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பன்றி, மாடு, மீன் எதிலிருந்தும் எடுக்கலாம். ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில், அதாவது நம் வாயின் சூட்டிலேயே, உருகிவிடும். அந்த மென்மைக்காகத்தான் கம்மி, மெல்லும் மிட்டாய், மார்ஷ்மெலோ ஆகியவற்றில் அதைச் சேர்க்கிறார்கள். கடல்பாசி 85 பாகை வரை சூடேறினால்தான் உருகும் என்பதால் அந்த மென்மையைத் தராது. ஜப்பானிய உறையில் 'ஜெலட்டின்' என்று மட்டும் இருந்து, எந்த விலங்கு என்று இல்லாவிட்டால் அதைத் தவிர்ப்பதே பேணுதல். மாட்டு ஜெலட்டின் என்றிருந்தாலும் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தன்மை முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மது. சாகே, மிரின் தவிர, மேற்கத்திய மதுவை 'யோஷு' என்ற ஒரே சொல்லால் பட்டியலில் குறிப்பார்கள். ரம், பிராந்தி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கிரீம் கலந்த 'நாமா' சாக்லேட், உலர்திராட்சை சேர்ந்த சாக்லேட், பரிசுப்பெட்டிக் கேக் ஆகியவற்றில் இது அடிக்கடி வரும். குளிர்காலத்தில் மட்டும் விற்கும் மதுச் சாக்லேட்டுகளும் உண்டு. இவை தவிர, கெடாமல் இருக்கச் சிறிதளவு ஆல்கஹால் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது. சோயா சாஸில் நொதித்தலால் தானாகவே கொஞ்சம் உருவாகும். மதுவை ஊற்றிச் செய்வதும், நொதித்தலால் தானே உண்டாவதும் ஒன்றல்ல என்று உலமாக்கள் பிரித்துப் பேசுகிறார்கள். அந்த விளக்கத்தையும் அவர்களிடமே பெறுவது நல்லது.

மூன்றாவது, கொழுப்பு. பிஸ்கட்டிலும் கேக்கிலும் சேரும் 'ஷார்ட்டனிங்' பாமாயிலாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். சாக்லேட்டில் சேரும் பால்மமாக்கி சோயாவிலிருந்து எடுத்தது என்று எழுதியிருந்தால் கவலையில்லை. ஒன்றும் எழுதாவிட்டால் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நான்காவது, நிறமும் பளபளப்பும். இளஞ்சிவப்புக்குச் சேர்க்கும் காச்சினீல் ஒரு பூச்சியிலிருந்து வருவது. மிட்டாயைப் பளபளக்கவைக்கும் ஷெல்லாக் அரக்குப் பூச்சி சுரப்பது. இவை பற்றியும் மார்க்க அறிஞர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உள்ளன.

ஐந்தாவது, பட்டியலில் தெரியாத தயாரிப்பு முறை. இதற்கு இந்தோனேசியாவில் நடந்ததே சான்று. 2001 ஜனவரியில் அஜினோமோட்டோ சுவையூட்டியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. விற்ற பொருளில் பன்றிப் பொருள் கலக்கப்படவில்லை. ஆனால் தயாரிப்பில் பயன்படும் பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகத்தைச் செய்ய, பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டிருந்தது. இந்தோனேசிய உலமா சபை அதை ஹராம் என்றது, அப்போதைய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால் என்றார். நிறுவனம் அந்த ஊடகத்தை மாற்றியபின் மீண்டும் விற்பனைக்கு வந்தது. ஹலால் சான்று என்பது பட்டியலைப் படிப்பதோடு முடிவதில்லை, தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

உறையைப் படிக்கும் வழி

ஜப்பானியச் சட்டப்படி பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட வேண்டும். சேர்மானப் பொருட்கள் பெரும்பாலும் ஒரு சாய்கோட்டுக்குப் பின் தனியாக வரும். முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, பக்வீட், வேர்க்கடலை, வால்நட் போன்ற ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடுவது கட்டாயம். பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் ஒவ்வாமைக் குறிப்பில் 'எழுதுவது நல்லது' என்ற பரிந்துரைப் பட்டியலில் மட்டுமே உள்ளன. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தில் பன்றி என்ற சொல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி உதவும், ஆனால் சில இடங்களில் குழப்பும். பால்மமாக்கியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் முதல் எழுத்து 'பால்' என்பதால், அதைப் பால் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பால் அல்ல. ஜப்பானிய மொழியில் 'ல' ஓசை இல்லாததால் ஹலாலை 'ஹராரு' என்பார்கள். கடைக்காரர் 'ஹராரு' என்றால் ஹராம் என்கிறார் என்று பயந்துவிட வேண்டாம்! பன்றி இறைச்சிக்கு 'புத்தானிகு' என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் தெரிந்திருந்தால் கடையில் பாதி வேலை முடிந்தது.

ஒரே பெயர் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் தயாராகும் போக்கியில் ஹலால் முத்திரை உண்டு. மலேசிய கிட்கேட்டிலும் உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வரும் அதே பெயர் மிட்டாயில் பெரும்பாலும் இருக்காது. எனவே பெயரைப் பார்க்காமல், எந்த நாட்டில் தயாரானது, முத்திரை எங்கே என்று பாருங்கள். முகீம் சிங்கப்பூரோ மலேசியாவோ என்றால் முயிஸ், ஜாக்கிம் முத்திரைகள் நமக்குப் பழக்கமானவை. ஜப்பானிலும் ஜப்பான் முஸ்லிம் சங்கம், நிப்பான் ஆசியா ஹலால் சங்கம் போன்ற அமைப்புகள் சான்று வழங்குகின்றன.

இந்தியாவில் இறக்குமதியாகி முறையாக விற்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு இல்லை என்று அறியலாம். ஆனால் பச்சைப் புள்ளி மது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அது சைவத்தைத்தான் சொல்கிறது, ஹலாலை அல்ல.

ஜப்பானில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1935இல் திறக்கப்பட்ட கோபே பள்ளிவாசலைக் கட்ட இந்திய வணிகர்களும் பொருள் தந்தார்கள். டோக்கியோ ஜாமி பள்ளியில் ஹலால் பொருட்கள் விற்கும் கடை இருக்கிறது. ஊருக்கு வாங்கி வருவதை அங்கே வாங்கினால், வீட்டில் உள்ளவர்களின் பாதிக் கவலை தீரும்.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

ஹலால் என்று உறுதியானாலும் கவனம் தேவைப்படும் இனிப்புகள் இரண்டு. மோச்சி ஒட்டும் தன்மை கொண்டது. ஜப்பானில் ஒவ்வோர் ஆண்டும் புத்தாண்டுக் காலத்தில் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறக்கிறார்கள், தீயணைப்புத் துறை எச்சரிக்கை விடுகிறது. நம் வீட்டு அப்பாவுக்கோ உம்மும்மாவுக்கோ மூன்று வயதுப் பிள்ளைக்கோ கொடுப்பதென்றால் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். மற்றொன்று, சிறு கிண்ணங்களில் வரும் கொன்யாக்கு ஜெல்லி. ஒருவகைக் கிழங்கின் மாவால் ஆனது, எளிதில் கரையாது, உறிஞ்சினால் நேராகத் தொண்டையில் போய் அடைக்கும். குழந்தைகள் இறந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சிறு கிண்ண ஜெல்லியைத் தடைசெய்தது. சிறு பிள்ளைகளுக்கு அதை வேண்டாம் என்றே சொல்வோம்.

வீட்டிலேயே ஒரு ஜப்பானிய மிட்டாய்

"இதுவும் கூடாது, அதுவும் கூடாது" என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, ஒருநாள் கேட்காமலேயே சாப்பிடத் தொடங்கிவிடும். எனவே மறுக்கும்போது மாற்று ஒன்றைக் கொடுப்பது நல்லது. வீடியோக்களில் கண்ணாடிக் கல் போல மின்னும் 'கொஹாக்குதோ' என்ற மிட்டாயைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதற்கு வேண்டியது கடல்பாசியும் சீனியும் மட்டும்தான்.

கடல்பாசித் தூள் 5 கிராம், இழையாக இருந்தால் ஊறவைத்த 10 கிராம். தண்ணீர் 200 மில்லி. சீனி 300 கிராம். தண்ணீரில் கடல்பாசி முழுதும் கரையும்வரை காய்ச்சி, சீனியைப் போட்டு, கரண்டியைத் தூக்கினால் நூல் போல விழும்வரை கிளறுங்கள். தட்டில் ஊற்றி, இரண்டு மூன்று துளி நிறமும் ரோஸ் எசன்ஸும் விட்டுக் குச்சியால் லேசாகக் கலக்குங்கள். உறைந்தபின் கையால் பிய்த்துக் கற்கள் போல ஆக்கி, வெண்ணெய்த்தாளில் பரப்பி நிழலில் காயவையுங்கள். தினமும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். 4 முதல் 7 நாளில் வெளியே மொறுமொறுப்பான ஓடு கட்டும், உள்ளே மென்மையாக இருக்கும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இன்னும் ஓரிரு நாள் கூடலாம். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு பிள்ளைகளையே செய்யச் சொன்னால், அன்று வரும் விருந்தினருக்கு அவர்களே பெருமையோடு நீட்டுவார்கள்.

பெட்டி நிறைய இனிப்போடு வரும் உறவினரை மறந்துவிடக் கூடாது. அன்போடு வாங்கி வந்தவரின் முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தூக்கிப் பிடித்து விசாரணை நடத்துவது நல்ல பழக்கம் அல்ல. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாகப் பாருங்கள். சந்தேகமானதைத் தனியே வையுங்கள். பெரும்பாலான பாக்கெட்டுகளில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தொடர்பு எண் அச்சிட்டிருக்கும். அங்கேயே இருக்கும் அந்த உறவினரிடம், "அடுத்த முறை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் மச்சான்" என்று அன்போடு ஒப்படைத்துவிடலாம். ஒருவர் கேட்டு அறிந்த பதில் பல வீடுகளுக்குப் பயன்படும்.

சர்க்கரையும் அரிசியும் பயறும் கடல்பாசியும் அல்லாஹ்வின் அருட்கொடைகளே, அவை எந்த நாட்டில் விளைந்தாலும். பிள்ளை மிட்டாயை நீட்டிக் கேட்கும்போது ஒரு நிமிடம் ஒதுக்கி, உறையைத் திருப்பி, அவனோடு சேர்ந்து படியுங்கள். நாளை நாம் பக்கத்தில் இல்லாத இடத்தில் அவன் தானாகவே உறையைத் திருப்பிப் பார்ப்பான், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.